தீபாவளி எந்த மாதத்துக் கணக்கு?

போன இதழில் ‘தரவுக் கிடங்கு’ பற்றி, அதாவது ஒரு நிறுவனத்தின் கணக்கையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் ‘டேட்டா வேர்ஹவுஸ்’ பற்றி, ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கிடங்கு என்றதும் குடோன் என்று நினைத்து, எத்தனை சதுர அடி வேண்டும் என்று கேட்டுக்கூட ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கும் பதில் உண்டு. தொழில் விஷயம், பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும்.

எங்களுக்கு ஆறு கிளைகள் உள்ள சூப்பர் மார்க்கெட். பில்லிங் சாஃப்ட்வேரிலேயே நாற்பது விதமான ரிப்போர்ட் வருகிறது. அப்புறம் எதற்கு டேட்டா வேர்ஹவுஸ் என்று தனியாக ஒன்று? விற்க வந்தவர் பேசியதில் ஒன்றும் புரியவில்லை. (திண்டுக்கல்)

புரியும்படி பேசினால் நீங்கள் விலையைக் குறைத்துக் கேட்பீர்களே! சரி, நான் பட்டதைச் சொல்கிறேன்.

2006. மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு நான்கு நாள். மாலை ஏழு மணி. பதினான்கு கவுண்டரிலும் வரிசை வாசல் வரை நிற்கிறது. மாடியில் முதலாளி ஒரு மொத்த வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தவர், என்னைக் கூப்பிட்டு, “ஆயிரம் ரூபாய்க்குள்ள சேலை மூணு வருஷமா எத்தனை வித்திருக்கு, எடுத்துட்டு வாப்பா” என்றார். நானும் அவர் மேஜைக் கம்ப்யூட்டரிலேயே அதைத் தட்டிவிட்டேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, கீழேயிருந்து சத்தம். பதினான்கு கவுண்டரும் அப்படியே நின்றுவிட்டன. கடைசியில் சர்வரையே அணைத்துப் போட வேண்டியதாயிற்று. இருபத்தைந்து நிமிடம் கையால் பில் எழுதினார்கள். அன்று நான் வாங்கிய திட்டை இங்கே அச்சிட முடியாது.

என் கேள்வியில் தப்பில்லை. கேட்ட இடம்தான் தப்பு. பில் போடுகிற டேட்டாபேஸ் ஒரு நேரத்தில் ஒரு பில்லைச் சட்டென்று எழுதவும், ஒரு பில்லைச் சட்டென்று எடுத்துக் காட்டவும் கட்டப்பட்டது. மூன்று வருடக் கேள்வி வந்தால் அது லட்சக்கணக்கான பில்களை ஒன்று விடாமல் புரட்ட வேண்டும். அதே டிஸ்க், அதே நினைவகம், அதே நேரத்தில் கீழே புது பில்கள் வேறு. இரண்டில் ஒன்று நின்றுதான் ஆக வேண்டும்.

அதனால் கடை அடைத்த பிறகு, ராத்திரியோடு ராத்திரியாக அன்றைய பில்களை எடுத்து, சுத்தம் செய்து, வேறொரு இடத்தில் சேர்த்து வைப்பது. மூலத்திலிருந்து எடு, திருத்து, ஏற்று: இந்த மூன்று வேலைக்கும் சேர்த்து இந்தத் தொழிலில் ‘ஈ.டி.எல்.’ என்பார்கள். சேர்த்து வைக்கும் இடம்தான் வேர்ஹவுஸ். அங்கே பில்களை வரிவரியாக வைக்காமல், பெரும்பாலும் பத்தி பத்தியாக, அதாவது அட்டவணையில் மேலிருந்து கீழாக ஒரே வகைத் தகவல் ஒன்றாக இருக்கும்படி, பிரித்து வைப்பார்கள். ஒரு பில் வரியில் முப்பது தகவல் இருக்கலாம்: கவுண்டர், கேஷியர், வரி, தள்ளுபடி, கார்டா ரொக்கமா என்று. “ஆயிரத்துக்குக் கீழே எத்தனை சேலை” என்பதற்கு அதில் மூன்று தகவல் போதும். பத்தியாக வைத்திருந்தால் அந்த மூன்றை மட்டும் படித்துவிட்டு வரலாம்.

உங்கள் நாற்பது ரிப்போர்ட்டுக்கு வருவோம். அதில் ஆறு கிளையையும் சேர்த்து, போன மூன்று வருடத்தையும் சேர்த்துக் காட்டுவது எத்தனை? எனக்குத் தெரிந்த பல கடைகளில் ஏப்ரல் 1 ஆனால் புது ஃபைல் திறந்துவிடுவார்கள். பழைய வருடம் ஒரு பென் டிரைவில் போய் மேனேஜர் டிராயரில் தூங்கும். அது போக, ஒரு கிளையில் ‘பொன்னி 25’, இன்னொன்றில் ‘பொ.அரிசி பெரிய மூட்டை’, மூன்றாவதில் வெறும் ‘அரிசி’ என்று மூன்று பெயரில் ஒரே மூட்டை விற்றுக்கொண்டிருக்கும். இந்தத் துறையின் தகப்பன் என்று சொல்லப்படும் பில் இன்மான் 1992-இல் வேர்ஹவுஸுக்கு நான்கு இலக்கணம் சொன்னார்: விஷயவாரியாக அடுக்கியிருக்க வேண்டும், பல இடத்துக் கணக்கும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும், காலம் பதிவாகியிருக்க வேண்டும், உள்ளே போனதை மாற்றக் கூடாது. நான்கில் உங்களுக்கு முதலில் வேண்டியது இரண்டாவது. அரிசி மூட்டைக்கு ஒரே பெயர் வையுங்கள். அதற்கு எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டாம், ஆறு மேனேஜரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்தால் போதும்.

குழந்தைகளுக்கான டயபர் வாங்க வருகிற ஆண்கள் கூடவே பீரும் வாங்கினார்கள், வால்மார்ட் இரண்டையும் பக்கத்தில் வைத்தது, விற்பனை எகிறியது என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். உண்மையா? (மதுரை, கல்லூரி மாணவர்)

பாதி உண்மை, தம்பி. கடை வால்மார்ட் இல்லை, ஆஸ்கோ டிரக் என்ற அமெரிக்க மருந்துக் கடைச் சங்கிலி. 1992-இல் டெராடேட்டா நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் பிளிஷாக்கின் குழு, சுமார் 25 கடைகளின் 12 லட்சம் பில்களை அலசியது. மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் பீரும் டயபரும் ஒரே பில்லில் சேர்ந்து வருவது தெரிந்தது. அதோடு சரி. அலமாரியை யாரும் நகர்த்தவில்லை. விற்பனை எகிறியதும், சிலர் சேர்த்துச் சொல்கிற ‘வெள்ளிக்கிழமை’, ‘இளம் அப்பாக்கள்’ எல்லாமும் மேடை மேடையாகக் கதை போனபோது ஒட்டிக்கொண்டவை.

வால்மார்ட் கதை வேண்டுமென்றால் அதைவிட நல்ல ஒன்று இருக்கிறது, அது நடந்தது. 2004 ஆகஸ்டில் சார்லி என்ற சூறாவளி ஃபுளோரிடாவை அடித்துவிட்டுப் போனது. சில வாரத்திலேயே ஃபிரான்சஸ் என்று அடுத்தது. அது கரைக்கு வருவதற்கு முன்பே, வால்மார்ட்டின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் லிண்டா டில்மன், சார்லி வந்தபோது அந்தப் பக்கத்துக் கடைகளில் மக்கள் என்ன வாங்கினார்கள் என்று பார்க்கச் சொன்னார். டார்ச் லைட் எதிர்பார்த்ததுதான். புயலுக்கு முன்னால் அதிகம் விற்ற பொருள் பீர். இதையும் ஊகித்துவிடலாம். யாரும் ஊகிக்காதது, ஸ்ட்ராபெரி பாப்-டார்ட்ஸ் என்ற பாக்கெட் தின்பண்டம் வழக்கத்தைப் போல ஏழு மடங்கு விற்றிருந்தது. யோசித்தால் புரிகிறது: அடுப்பு வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம், பிள்ளைகள் அழாமல் தின்னும். லாரிகளில் அதை ஏற்றி அந்த வழியாக அனுப்பினார்கள். விற்றும் போனது.

அன்று வால்மார்ட்டிடம் இருந்தது 460 டெராபைட் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. எனக்கு அந்த அளவு பெரிதாகப் படவில்லை. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பொருளும் எத்தனை விற்றது என்று பிரித்து வைத்திருந்தார்கள் பாருங்கள், அதுதான் விஷயம். மாத மொத்தமாகச் சுருக்கி வைத்திருந்தால் அந்த ஏழு மடங்கு ஆகஸ்டு மாதத்துக்குள் கரைந்து காணாமல் போயிருக்கும். எந்த அளவுக்குப் பொடியாக வைப்பது என்பதை ‘கிரெய்ன்’ என்பார்கள், தானிய மணி. மணியாக வைத்திருந்தால் பிறகு மாவாக அரைத்துக்கொள்ளலாம். மாவை மணியாக்க முடியாது. உங்கள் பேராசிரியரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள். மார்க் குறைத்தால் நான் பொறுப்பில்லை.

மாதாந்திரக் கூட்டத்தில் கடை விற்பனைப் பிரிவு ஒரு தொகை சொல்கிறது, நாங்கள் கணக்குப் பிரிவில் ஒன்று சொல்கிறோம், டெஸ்பாட்ச் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவருகிறது. எது சரி என்று முதலாளி என்னைத்தான் முறைக்கிறார். வேர்ஹவுஸ் போட்டால் இது தீருமா? (கோயம்புத்தூர், வீட்டு உபயோகப் பொருள் தயாரிப்பு நிறுவனம்)

மூன்றுமே சரி. அதுதான் உங்கள் தலைவலி.

ஒரே ஒரு மிக்ஸியை எடுத்துக்கொள்வோம். விலை ஐயாயிரம், வரி 18 சதவீதம், ஆக 5,900 ரூபாய். ஜனவரி 31 மாலை உங்கள் கடையில் ஒருவர் பணம் கட்டி பில் வாங்குகிறார். வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறார். பிப்ரவரி 2-ஆம் தேதி வண்டியில் போகிறது. 6-ஆம் தேதி, நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பி வருகிறது. இப்போது ஜனவரி விற்பனை எவ்வளவு?

கவுண்டரில் கேட்டால் 5,900. பணப்பெட்டிக்குள் வந்தது அதுதான். உங்கள் பிரிவில் கேட்டால் ஐயாயிரம். 900 ரூபாய் அரசாங்கத்துடையது, அது உங்கள் வருமானமே இல்லை. திரும்பி வந்ததற்குப் பிப்ரவரியில் கிரெடிட் நோட் போடுவீர்கள். டெஸ்பாட்சில் கேட்டால் ஜனவரியில் பூஜ்யம், சரக்கு கிளம்பியதே பிப்ரவரியில்தானே? ஒரு மிக்ஸிக்கே மூன்று பதில். நீங்கள் மாதத்துக்கு எத்தனை மிக்ஸி விற்கிறீர்களோ!

வேர்ஹவுஸ் போட்டால் இது தானாகத் தீராது. போடுவதற்கு முன்னால் இதைத் தீர்த்தாக வேண்டும், வேறு வழியில்லை. ஏனென்றால் ‘விற்பனை’ என்று ஒரு பத்திக்குப் பெயர் வைக்கும்போது ப்ரோக்ராமர் பையன் கேட்பான்: “சார், இதுல வரி உண்டா இல்லையா?” பெரிய மனிதர்கள் பத்து வருடமாகத் தள்ளிப்போட்ட சண்டையை அந்தப் பையன் ஒரே கேள்வியில் மேஜைமேல் போட்டுவிடுவான். ஒரு கம்பெனியில், எந்த ஊர் என்றுகூடச் சொல்ல மாட்டேன், ‘வாடிக்கையாளர்’ என்றால் யார் என்று முடிவுசெய்ய மூன்று நாள் உட்கார்ந்தோம். டீலரா? டீலரிடம் வாங்கிக்கொண்டு போகிறவரா? வாரண்டி கார்டு நிரப்பி அனுப்பியவர் மட்டுமா? அந்த மூன்று நாளில் போண்டா செலவுதான் அதிகம். சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்த வேலைகளில் அதுதான் உருப்படியானது என்று இன்றும் நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது இது. மூன்று தொகைக்கும் மூன்று பெயர் வையுங்கள்: ‘பில் தொகை’, ‘வரி நீங்கிய விற்பனை’, ‘அனுப்பிய சரக்கின் மதிப்பு’. ‘விற்பனை’ என்ற மொட்டைச் சொல்லைக் கூட்டத்தில் தடை செய்யுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எந்தத் தேதி பொருந்தும் என்று எழுதி, மூன்று பிரிவுத் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பக்கம் போதும். பிறகு ராத்திரி ஏற்றுகிற கணக்கு, கவுண்டரின் பில் மொத்தத்தோடும் உங்கள் பேரேட்டோடும் தினமும் பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத அன்று ரிப்போர்ட்டை வெளியே விடாதீர்கள். ஒரு நாள் ரிப்போர்ட் வராவிட்டால் திட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். ஒரு முறை தப்பாக வந்தால் ஜென்மத்துக்கும் நம்ப மாட்டார்கள். அவரவர் பழைய எக்செல்லுக்குப் போய்விடுவார்கள்.

டேட்டா கிடங்கு வைக்க எத்தனை சதுர அடி வேண்டும்? ஏ.சி. கட்டாயமா? (விருதுநகர்)

அண்ணாச்சி, ஒரு அடியும் வேண்டாம். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் ஒரு ஏ.சி. ரூம், இரண்டு சர்வர், ஒரு ஜெனரேட்டர் என்று சொல்லியிருப்பேன். இப்போது கூகுளின் பிக்குவெரி, அமேசானின் ரெட்ஷிஃப்ட், ஸ்னோஃபிளேக் என்று வாடகைக்குக் கிடைக்கிறது. பயன்படுத்துகிற அளவுக்குக் காசு. ஒரு எச்சரிக்கை: இதில் சிலவற்றில் கேள்வி கேட்பதற்கும் மீட்டர் ஓடும். “எல்லாத்தையும் காட்டு” என்று தினமும் நாலு தடவை கேட்கிற மேனேஜர் உங்களிடம் இருந்தால், பில்லை அவர் மேஜைக்கே அனுப்பச் சொல்லுங்கள். குடோனை உங்கள் சரக்குக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு மசாலா கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. பல வருடமாக இதே லைன். 2020-இல் எங்கள் மேனேஜர், “திருநெல்வேலி மாவட்ட விற்பனை விழுந்துவிட்டது” என்று என் இன்சென்டிவை வெட்டினார். நான் ஒரு கடையைக்கூட இழக்கவில்லை. கம்ப்யூட்டர் எப்படித் தப்பாகச் சொல்லும் என்று கேட்கிறார். (தென்காசி)

கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு விடை கிடைத்துவிட்டது. உங்கள் ஊர் பெயரே விடை.

2019 நவம்பர் 22-ஆம் தேதி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனது. உங்கள் கம்பெனியில் யாரோ சுறுசுறுப்பான ஆள், கடைப் பட்டியலில் சங்கரன்கோவில், கடையநல்லூர்க் கடைகளுக்கெல்லாம் அன்றிலிருந்து ‘தென்காசி’ என்று போட்டிருப்பார். பழைய பில்கள் ‘திருநெல்வேலி’ என்றே நின்றிருக்கும். 2019-இல் பெரிய மாவட்டம், 2020-இல் பாதி மாவட்டம். இரண்டையும் ஒப்பிட்டால் விழாமல் என்ன செய்யும்? தென்காசி ‘மாவட்டத்தில்’ அதே வருடம் விற்பனை எங்கிருந்தோ முளைத்திருக்கும், அதற்கு யாராவது பாராட்டு வாங்கினாரா என்று விசாரியுங்கள். அதே மாதத்தில் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும் பிரிந்தன. உங்களைப் போலத் திட்டு வாங்கியவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள்.

சரியாகக் கட்டிய வேர்ஹவுஸில் ஒரு கடைக்கு ஒரு வரி என்று இருக்காது. ‘கடை 417, திருநெல்வேலி, 2019 நவம்பர் 21 வரை’ என்று ஒரு வரி. ‘கடை 417, தென்காசி, நவம்பர் 22 முதல்’ என்று இன்னொரு வரி. பழையதை அழிக்காமல் மூடிவிட்டுப் புதியதைத் திறப்பது. இந்தத் துறையின் இன்னொரு முன்னோடி ரால்ஃப் கிம்பால் இதற்கு ‘மெதுவாக மாறும் பரிமாணம்’ என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார். மெதுவாக மாறுவது மாவட்டம் மட்டுமல்ல, ஆளின் லைன், பொருளின் பாக்கெட் எடை, கடையின் ரகம் எல்லாம்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, மேனேஜரிடம் பேசும்போது உதவும். இரண்டு விதமாகக் கேட்க முடிய வேண்டும். வளர்ச்சியைப் பார்க்க, இரண்டு வருடத்துக்கும் இன்றைய மாவட்ட எல்லையையே போட்டுப் பார்க்க வேண்டும். இன்சென்டிவ் கணக்குக்கு, விற்ற அன்று யார் லைனில் கடை இருந்தது என்று பார்க்க வேண்டும். உங்கள் மேனேஜர் இரண்டையும் கலந்துவிட்டார். கடை எண் வாரியாக 2019-ஐயும் 2020-ஐயும் ஒரே தாளில் எடுத்து வைத்துப் பேசுங்கள், மாவட்டம் என்ற பத்தியே வேண்டாம். கொரோனா மாதங்களைத் தனியே கோடு போட்டுக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அதை வைத்து அடுத்த வாதம் வரும்.

ஒரே ஒரு கடைதான் வைத்திருக்கிறேன். எனக்கும் வேண்டுமா? (கும்பகோணம்)

வேண்டாம். எக்செல் போதும். அதில் ஒரு தாளில் 10,48,576 வரிகள் இருக்கின்றன, நிரம்புகிற அன்று எனக்கு எழுதுங்கள். பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்தில் மட்டும் சேமிக்காதீர்கள், அதில் 65,536 வரிதான். 2020-இல் இங்கிலாந்து சுகாதாரத் துறை அந்தப் பழைய வடிவத்தைப் பயன்படுத்தி, 15,841 கொரோனா நோயாளிகளைக் கணக்கில் சேர்க்காமல் சில நாள் ஓட்டிவிட்டது. நிரம்பிவிட்டது என்று ஒரு சத்தமும் வரவில்லை.

வேர்ஹவுஸ் ரிப்போர்ட் சொன்னதை அப்படியே கேட்டு, ஒரு கிளைக்குப் பெரிய சைஸ் பனியன் அனுப்புவதை நிறுத்தினோம். வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று கிளை மேனேஜர் சண்டை போடுகிறார். யாரை நம்புவது? (திருப்பூர்)

மேனேஜரை.

100 செ.மீ. பனியன் அந்தக் கிளையில் மாதத்துக்கு நாலைந்துதான் விற்கிறது என்று ரிப்போர்ட் சொல்லியிருக்கும். உண்மையாகவே அவ்வளவுதான் விற்றிருக்கும். எத்தனை அனுப்பினீர்கள் என்று பாருங்கள். பத்து டஜன் பெட்டியில் 85-ம் 90-ம் நிறைய இருக்கும், 100 ஓரிரண்டு இருக்கும். மாதம் பிறந்து மூன்றாம் நாளே அது தீர்ந்திருக்கும். மீதி இருபத்தேழு நாள் வந்து கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவருக்கு யார் பில் போட்டார்கள்? பில் இல்லாதவர் வேர்ஹவுஸுக்குள் வரவே மாட்டார்.

இதற்கு மருந்து உண்டு. விற்பனையை மட்டும் ஏற்றாமல், ஒவ்வொரு நாளும் கடை அடைக்கும்போது ஒவ்வொரு சைஸும் எத்தனை கையிருப்பு என்பதையும் ஒரு படம் எடுத்ததுபோல் ஏற்றி வைக்க வேண்டும். அப்போது கேள்வியை மாற்றிக் கேட்கலாம்: மாதத்துக்கு எத்தனை விற்றது என்று கேட்காமல், சரக்கு இருந்த நாட்களில் ஒரு நாளைக்கு எத்தனை விற்றது என்று. மூன்று நாளில் நான்கு பனியன் என்றால் அது மெதுவாக விற்கிற சரக்கா? இடம் அதிகம் பிடிக்கும், செலவாகும் என்பார்கள். கையிருப்பை ஏற்றாத வேர்ஹவுஸ், என்னைக் கேட்டால், ஒற்றைக் கண்ணால் பார்க்கிற மாதிரி.

எங்கள் ரெடிமேட் கடையில் 2024 அக்டோபர் விற்பனை 2023 அக்டோபரைவிடப் பிரமாதம், நவம்பரோ படுமோசம். கடன் கேட்கப் போன வங்கியில் நவம்பரைக் காட்டித் தயங்குகிறார்கள். கொள்முதலை எந்த மாதத்தை வைத்து முடிவுசெய்வது என்றும் குழப்பம். (ஈரோடு)

2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. அவ்வளவுதான் விஷயம். உங்கள் விற்பனை ஏறவுமில்லை இறங்கவுமில்லை, தீபாவளி வீடு மாறியிருக்கிறது. 2025-இல் அது அக்டோபர் 20-க்கு வந்தது. ரம்ஜான் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். ஆங்கில மாதத்தை வைத்து நம் ஊர்த் துணி வியாபாரத்தைப் பார்ப்பவருக்கு எல்லா வருடமும் அதிர்ச்சிதான்.

வெளிநாட்டு சாஃப்ட்வேர் தருகிற தேதி அட்டவணையில் காலாண்டு இருக்கும், வாரம் இருக்கும், கிறிஸ்துமஸ்கூட இருக்கும். ஆடி இருக்காது. நம் தேதி அட்டவணையை நாமே எழுத வேண்டும். நாளுக்கு ஒரு வரி, இருபது வருடத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் வரி, ஒரு வார வேலை. பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம், நான் அப்படித்தான் எழுதினேன். தமிழ் மாதம், முகூர்த்த நாளா, பள்ளி திறக்க எத்தனை நாள், சம்பளம் வந்து எத்தனை நாள், அப்புறம் முக்கியமாக, ‘தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்’ என்று ஒரு பத்தி. இந்தக் கடைசிப் பத்தி வந்ததும் ஒப்பீடே வேறாகிவிடும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு எவ்வளவு என்று கேட்டால், 2023 நவம்பர் 2, 2024 அக்டோபர் 21, 2025 அக்டோபர் 10 ஆகிய மூன்றும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வந்து நிற்கும். அப்போதும் மூன்றும் ஒன்றல்ல. ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கிப் பன்னிரண்டில் தீபாவளி கொண்டாடுகிறவரின் பை வேறு, மாதக் கடைசியில் கொண்டாடுகிறவரின் பை வேறு. அதற்குத்தான் சம்பளப் பத்தியும்.

வங்கிக்கு: தீபாவளிக்கு முந்தைய 45 நாள், பிந்தைய 15 நாள் என்று மூன்று வருடத்துக்கும் கூட்டி ஒரே தாளில் கொடுங்கள். கொள்முதலுக்கும் அதே தாள்தான்.

இப்போது ஏ.ஐ.யிடம் தமிழில் கேட்டாலே பதில் சொல்கிறதே, இன்னும் வேர்ஹவுஸ், ரிப்போர்ட் என்று எதற்கு? (சென்னை)

கேளுங்கள். “போன மாதம் விற்பனை எவ்வளவு?” என்று கேட்டால் அது கோயம்புத்தூர்க்காரரின் மூன்று தொகையில் ஒன்றை எடுத்து, கொஞ்சமும் தயங்காமல் அழகான தமிழில் சொல்லும். எதை எடுத்தது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இந்த வேலைக்குப் போக விரும்புகிறேன். எஸ்.க்யூ.எல். படித்துக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன கற்க வேண்டும்? (தஞ்சாவூர், மாணவி)

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற மொழிதானே எஸ்.க்யூ.எல்., நல்ல தொடக்கம், அதை விட்டுவிடாதீர்கள் அம்மா. அடுத்து, தெரிந்தவர் கடை எதிலாவது ஒரு நாள் முழுக்க பில் கவுண்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள்.

ஒரு மளிகைக் கடைச் சங்கிலிக்கு வேலை செய்தபோது, ஒரே ஒரு கிளையில் மட்டும் பத்து ரூபாய் சீரக மிட்டாய் பாக்கெட் அள்ளிக்கொண்டு போவதாக வேர்ஹவுஸ் காட்டியது. பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, அதனால் இருக்கும் என்று தலைமை அலுவலகத்தில் காரணம்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் கிளைக்குக் கூடுதலாக இருபது அட்டைப் பெட்டி அனுப்ப ஆர்டர் தயார். எனக்கு ஒன்று உறுத்தியது: விற்பனை ஓடுகிறது, ஆனால் ஸ்டாக் எண்ணிக்கையில் மிட்டாய் குறையவே இல்லை. போய்ப் பார்த்தேன். இரண்டாம் கவுண்டரில் ஒரு பெண். ஸ்கேனர் சரியாகப் படிக்காது. வரிசை நீண்டு, பின்னால் இருப்பவர் முணுமுணுக்க ஆரம்பித்தால், பத்து ரூபாய் விலையுள்ள எதுவாக இருந்தாலும், பிஸ்கட்டோ ஷாம்புவோ, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பத்து ரூபாய் கோடைத் தட்டிவிடுவாள். அது சீரக மிட்டாய். “காசு கரெக்டா வருதுல்ல சார்” என்றாள். வாஸ்தவம்தான், ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

ஆர்டரை நிறுத்தச் சொல்லி போன் போட்டேன். அப்புறம் அந்தக் கவுண்டருக்கு ஒரு புது ஸ்கேனர் வாங்கிக் கொடுத்தார்கள்.